திரையெல்லாம் சுந்தரபாண்டியன்

ராஜபாளையத்தில் சுந்தரபாண்டியன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படிவம் வந்தாலும் பெயர் என்ற இடத்தில் சுந்தரபாண்டியன். கைபேசி எண் என்ற இடத்தில் அவருடைய எண்.

கரண்ட் மீட்டர் அவர் பெயர். காஸ் அவர் பெயர். மகன் ஜெயபாண்டி ஓட்டும் பைக் அவர் பெயர். மகள் பானுப்பிரியாவின் கல்யாணத்துக்கு வாங்கிய மிக்ஸியின் வாரண்டி அட்டையில்கூட அவர் பெயர்தான். அந்த மிக்ஸி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மனிதர் விழிப்பார்.

சுந்தரபாண்டியன் ஓய்வுபெற்ற ஏட்டு. முப்பத்திரண்டு வருட போலீஸ் வேலையில் பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை என்று ஊரே சொல்லும். வீட்டில் அப்படி ஒரு நல்ல பெயர் சும்மா கிடக்கும்போது ஆளுக்கொரு பெயரை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று குடும்பம் நினைத்துவிட்டது.

போன வாரம் ஜெயபாண்டி தங்கைக்குப் போட்ட நிபந்தனையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம்தான் வந்து சேருகிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிடலாம்.

ஜெயபாண்டி ஒரு மென்பொருள் செய்து விற்கிறான். பெயர் 'மாதிரி'. ஒரு கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ செயலி எழுதுமுன், அது எப்படி இருக்கும் என்று திரை திரையாக வரைந்து, பட்டனை அமுக்கினால் அடுத்த பக்கம் போவதுபோல் காட்டுகிற சாமான் அது. டெய்லர் நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் பேப்பரில் வெட்டிப் பார்ப்பாரே, அந்தப் பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் வரைந்த கோப்பு மற்றவருக்கு மெயிலில் போகும். 'கடைசி' என்ற பெயரில் போவது, 'கடைசி-2' என்று திரும்பி வரும். பிறகு 'இதுதான் கடைசி', அப்புறம் 'அண்ணன் பார்த்த கடைசி' என்று குட்டி போடும். வாடிக்கையாளருக்கு எந்தக் கடைசியைக் காட்டினோம் என்பது காட்டியவருக்கே தெரியாது.

இந்தக் கூத்தை முடித்து, 'மாதிரி'யை இணையத்துக்குக் கொண்டுபோனவள் பானுப்பிரியா. எட்டு மாத உழைப்பு. இனி எதையும் ஏற்ற வேண்டாம். பிரவுசரைத் திறந்தால் போதும். நாலு ஊரிலிருந்து நாலு பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வரையலாம். ஒவ்வொருவருடைய அம்புக்குறியும் அவரவர் பெயரைச் சுமந்துகொண்டு எல்லார் திரையிலும் நகரும்.

அவள் அவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கணவன் சிவபாண்டி ராணுவத்தில் ஹவில்தார், ஜபல்பூரில். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களை அவனுடைய லீவுச் சீட்டுகளை அடுக்கி எண்ணிவிடலாம். இப்போதுதான் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்திருக்கிறது. போகவும் வேண்டும், வேலையும் போகக் கூடாது.

அதற்குத்தான் ஜெயபாண்டி நிபந்தனை போட்டான்.

"வெள்ளிக்கிழமை சீவில்லிபுத்தூர்ல பால்கோவாக்காரவுகளுக்கு இணையத்துல வச்சுக் காட்டு. நாலு ஊர்ல இருந்து நாலு பேரும் குளறுபடி இல்லாம ஓட்டணும். ஓடிட்டா நீ ஜபல்பூர்ல உக்காந்தே வேலையப் பாரு. ஓடலைன்னா பழையபடி அம்புட்டுப் பேரும் ஆபீசுக்கு வரணும். நீயும்தான்."

இது அம்மா அங்காளம்மாளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. "டெமோ முடியட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்" என்று மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாட்டி ஒத்திப்போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

*

காலை ஏழரைக்குச் சிவபாண்டி ஜபல்பூரிலிருந்து கூப்பிட்டான்.

"பானு, வீட்டுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். போன்ல ஒரு கேள்வி வரும். ஆமான்னு அமுத்திரு. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள. விட்டா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"எந்த நம்பருக்குங்க வரும்?"

"கல்யாணத்தப்போ நீ எழுதிக் குடுத்தியே, அதுதான் ரெக்கார்டுல இருக்கு."

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

"சரிங்க, பாத்துக்கிடுதேன்" என்று பானு போனை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

சுந்தரபாண்டியனுக்கும் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஜோலி. ஏட்டு ஓய்வுபெற்றுவிட்டார்; அவர் பிடித்த வழக்குகள் ஓய்வுபெறவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்திருந்தது. அப்பாவும் மகளும் ஒன்பதரை பஸ்ஸில் ஏறினார்கள்.

அப்பா ஜன்னலோரம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் சம்மன் வைத்த ரெக்சின் பை. பானுவின் மடியில் லேப்டாப்.

"கோர்ட்ல என்னப்பா கேப்பாக?"

"என்னத்தக் கேப்பாக. பாத்தியா, பாக்கலியா. பிடிச்சியா, பிடிக்கலியா. தெரிஞ்சதத் தெரியும்னு சொல்லணும். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லணும். சாட்சிக்காரனுக்கு அம்புட்டுத்தான் படிப்பு."

இதுதான் சமயம் என்று பானுவுக்குத் தோன்றியது. அரை மணி நேரப் பயணம். பக்கத்தில் அப்பா. நல்ல மனநிலையில் இருக்கிறார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு…"

அவருடைய சட்டைப் பையில் கைபேசி மணி அடித்தது. எடுத்துக் கண்ணாடியை மாட்டினார்.

"ஏட்டி பானு, இதென்னது? நம்ம ஜெயபாண்டி கம்பெனி பேரு போட்டிருக்கு. நான் முகப்பை மாத்திட்டேனாம். 'இது நீங்கள்தானா?'ன்னு கேக்குது. கீழ ஆம், நான் இல்லைன்னு ரெண்டு கட்டம்."

பானு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போன வாரம் சோதித்துப் பார்ப்பதற்காக அப்பாவின் போனுக்கு அவள்தான் இப்படிச் சில செய்திகளை அனுப்பியிருந்தாள். அதன் மிச்சம் இப்போதுதான் வந்து சேருகிறது என்று நினைத்துவிட்டாள்.

"டெஸ்டுக்கு அனுப்புனது, தாமசமா வருது போல. உண்மை எதுவோ அதை அமுத்துங்கப்பா."

"நான் எங்க மாத்துனேன்?" என்று சொல்லிக்கொண்டே ஏட்டு 'நான் இல்லை' என்பதை அமுக்கினார். அமுக்கிய விரலை ஒரு கணம் எடுக்கவில்லை. அழுத்திச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது அவர் அனுபவம்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணும் இல்லப்பா. பொறவு சொல்லுதேன்."

*

டெமோ மூன்று மணிக்கு, ராக்கப்பன் கடை மாடியில். ராக்கப்பன் பால்கோவா செய்து விற்கிறவர். அதே தொழிலில் இருக்கும் ஏழெட்டுக் கடைக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் எடுக்க ஒரு செயலி வேண்டும் என்று கேட்டிருந்தார். வேண்டும் என்று அவர் ஒரு முறையும், எதற்கு என்று மூன்று முறையும் சொல்லியிருந்தார். வாங்கப் போகிற பொருளைக் குறை சொல்லாமல் வாங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பத்தரைக்கு பானு மாடியில் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்து, அண்ணன் அனுப்பியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனாள். கீழே கடாயில் பால் சுண்டும் வாசனை ஏறி வந்தது.

திரையில் நாலு அம்புக்குறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

சுந்தரபாண்டியன். சுந்தரபாண்டியன். சுந்தரபாண்டியன். நாலாவதாகத் தன்னுடையதை நகர்த்திப் பார்த்தாள். அதுவும் சுந்தரபாண்டியன்.

ராஜபாளையம் ஆபீசில் இருந்த ஜெயபாண்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, என்ன எல்லாம் அப்பா பேராத் தெரியுது?"

"பின்ன யாரு பேர்ல எடுப்பாக? காலையில ஒரு லாகின் எடுத்தேன். பாஸ்வேர்டை எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஆளுக்கொண்ணு எடுக்கணும்ணே! யாரு எங்க நிக்காங்கன்னு தெரியத்தான பேரே வருது?"

"ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதும்லா. டெமோ அன்னைக்கு எதுலயும் கைய வைக்காதன்னு நீதான சொல்லுவ? விடு, குரலை வச்சு யாரு என்னன்னு கண்டுபிடிச்சிக்கிடலாம்."

சரியென்று நாலு பேரும் ஒரே போன் அழைப்பில் சேர்ந்தார்கள். ராஜபாளையத்தில் ஜெயபாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பானு. செட்டியார்பட்டியில் தன் வீட்டிலிருந்து படம் வரையும் மகாலட்சுமி. தளவாய்புரத்தில் எழுத்து வேலை பார்க்கும் வைகுண்டராஜ்.

பதினொன்று வரை ஒழுங்காகத்தான் போயிற்று.

"அக்கா, நான் வச்ச ஆர்டர் பட்டனைக் காணோம்" என்றாள் மகாலட்சுமி.

"நான் எடுக்கலியே. வைகுண்டராஜ், நீயா?"

"நான் எதுக்குங்க்கா பட்டனைத் தொடப்போறேன்? நான் விலைப் பட்டியல்ல இருக்கேன். ஐயையோ, விலைப் பட்டியலையும் காணோம்!"

"யாரு எடுத்ததுன்னு பேரு வரும்ல, பாரு."

"வருதுக்கா. சுந்தரபாண்டியன்."

"எந்தச் சுந்தரபாண்டியன்?"

"அது தெரியலியே. நானும் சுந்தரபாண்டியன்தான?"

பட்டனை மறுபடி வைத்தார்கள். ரெண்டு நிமிடம் நின்றது. யாரும் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

"எல்லாரும் மவுசை விட்டுட்டுக் கையத் தூக்குங்க" என்றான் ஜெயபாண்டி. போனில் கையைத் தூக்கினால் யாருக்குத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் அவரவர் இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செட்டியார்பட்டியில் மகாலட்சுமியின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, மருமகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விபூதி எடுக்கப் போனார்.

கையைத் தூக்கிய நேரத்தில் டெலிவரிப் பக்கம் மறைந்தது.

பானு விரலை மடக்கி எண்ணினாள். மென்பொருளில் கோளாறா? எட்டு மாதம் சோதித்தது. ஆட்களில் யாரோ விளையாடுகிறார்களா? மகாலட்சுமி அழும் நிலையில் இருக்கிறாள். வைகுண்டராஜுக்கு விளையாடத் தெரியாது. மிச்சம் ஒருவன்தான்.

ஒரு மணிக்கு மற்ற இருவரையும் சாப்பிட அனுப்பிவிட்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாத. நீதான் எடுக்கியா?"

"நான் எதுக்குட்டி எடுக்கேன்?"

"டெமோ ஓடலைன்னா நான் போக முடியாதுல்ல."



"ஏட்டி, உன்னத் தடுக்கணும்னா வாசல்ல நின்னு போகாதேன்னு சொல்லித் தடுப்பேன். ஒரு பட்டனைக் களவாண்டு தடுக்க எனக்கு அம்புட்டு மூளை இருந்தா, எட்டு மாசம் உன்னை நம்பியா உக்காந்திருப்பேன்?"

கேட்டிருக்கக் கூடாது என்று பானுவுக்குப் பட்டது. ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லையே. அண்ணனும் இல்லை, மற்ற இருவரும் இல்லை, தானும் இல்லை என்றால், யார் அந்தச் சுந்தரபாண்டியன்?

தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். சிவபாண்டி சொன்ன கேள்வியும் இன்னும் வரவில்லை.

*

மூன்று மணிக்கு ராக்கப்பன் இரண்டு கடைக்காரர்களோடு மேலே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லேப்டாப்போடு இணைத்திருந்த டி.வி.க்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"கடையத் தொற பாப்பா. பாப்போம்."

பானு முகப்பைக் காட்டினாள். ராக்கப்பன் அரைக் கிலோவைக் கைகாட்டினார்; பானு அமுக்கினாள். விலாசப் பக்கம் வந்தது. அடுத்து டெலிவரிப் பக்கம் வந்தது. வந்த வேகத்தில், எல்லார் கண் முன்னாலும், மறைந்தது.

பானுவுக்கு ஜபல்பூர் வீட்டின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதுபோல் இருந்தது.

ராக்கப்பன் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார்.

"சரக்கு தீர்ந்தா பக்கமே மறைஞ்சிரும் போலிருக்கு. நல்ல ஏற்பாடுதான். நம்ம கடையில தீர்ந்து போச்சுன்னு போர்டு எழுதித் தொங்கவிட்டாலும், அதுக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கால் கிலோ இருக்கான்னு கேக்காக."

"இல்ல அண்ணாச்சி, அது…" என்று ஆரம்பித்த பானு நிறுத்திக்கொண்டாள். பேசாமல் அந்தக் கோப்பின் ஹிஸ்டரியைத் திறந்தாள். யார் எப்போது என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அது டி.வி.யிலும் தெரிகிறது என்பது அவளுக்கு நினைவில்லை.

ராக்கப்பன் வாய்விட்டுப் படித்தார்.

"ரெண்டு அம்பது. சுந்தரபாண்டியன் டெலிவரிப் பக்கத்தை மாற்றினார். மூணு மூணு. சுந்தரபாண்டியன், 'நான் இல்லை' என்றார். மாற்றம் நீக்கப்பட்டது." அதற்கு மேல் வரிக்குப் போனார். "ரெண்டு இருபது. சுந்தரபாண்டியன் மாற்றினார். ரெண்டு இருபத்திரண்டு. 'நான் இல்லை' என்றார். யாரு பாப்பா இந்த ஆளு? நாப்பது வருசமா யாவாரம் பாக்கேன். ரசீதுல கையெழுத்தும் போட்டுட்டு, மை காயுறதுக்குள்ள நான் போடலைங்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

கடைக்காரர்கள் சிரித்தார்கள். பானு சிரிக்கவில்லை. 'நான் இல்லை' என்ற அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளே வைத்த ஏற்பாடு. ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைந்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, புது இடத்திலிருந்து மாற்றம் நடந்தால் பதிவான எண்ணுக்கு 'இது நீங்கள்தானா?' என்று கேள்வி போகும். 'நான் இல்லை' என்று பதில் வந்தால் அந்த மாற்றம் தானாக நீங்கிவிடும். காலையில் பஸ்ஸில் அப்பா படித்துக் காட்டியது சோதனையின் மிச்சமே இல்லை.

"அண்ணே" என்றாள், போனில். "லாகின் எடுக்கும்போது எந்த நம்பர் குடுத்த?"

"வழக்கமாக் குடுக்குற நம்பர்தான்."

ரெண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது.

"ஏ அப்பா!" என்றான் ஜெயபாண்டி. அது யாரைக் கூப்பிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பானு அந்தக் கேள்வி போவதை நிறுத்தினாள். நீக்கப்பட்டவை பதினாலு என்று ஹிஸ்டரி காட்டியது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். கரண்ட் வந்த தெருவில் வீடு வீடாக விளக்கு எரிவதுபோல் பட்டன், விலைப் பட்டியல், டெலிவரிப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. நின்றவை அப்புறம் அசையவில்லை.

"அந்த ஆர்டர் பட்டன் செகப்பா இருக்கு. செகப்பு வேண்டாம், பச்சையா ஆக்கு" என்றார் ராக்கப்பன்.

"மகா, பச்சை" என்றாள் பானு.

சுந்தரபாண்டியன் என்ற அம்புக்குறி ஒன்று ஓடி வந்தது. பட்டன் பச்சையானது.

"யாரு மாத்துனது?"

"மகாலட்சுமின்னு எங்க பிள்ளை, அண்ணாச்சி. செட்டியார்பட்டியில இருக்கா."

"அங்கயும் ஆபீஸ் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அவ வீட்ல இருந்து."

"இன்னும் எத்தனை பேரு வீட்ல இருந்து?"

"ஒருத்தர் தளவாய்புரத்துல. அவரும் வீட்லதான்."

ராக்கப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் பர்ஸைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அப்போ ஆபீஸ் வாடகை மிச்சம். ஃபேன் மிச்சம். டீ மிச்சம். இம்புட்டும் மிச்சம் பிடிச்சிட்டு எங்ககிட்ட பழைய ரேட்டே சொன்னா எப்படி?"

"அண்ணாச்சி" என்று போன் வழியே ஜெயபாண்டியின் குரல் குதித்தது. "நீங்க வீட்ல கிண்டுன பால்கோவாவை வாடகை இல்லன்னு கொறைச்சா குடுக்கீங்க?"

மாடியே சிரித்தது. "சரி, திங்கக்கிழமை வா. உக்காந்து பேசுவோம்" என்று எழுந்தார் ராக்கப்பன். இவர் வாயிலிருந்து 'உக்காந்து பேசுவோம்' வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம், மிச்சமெல்லாம் சடங்கு.

எல்லாரும் இறங்கிப் போனபின் பானு போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே… குளறுபடி இல்லாம ஓடணும்னு சொல்லியிருந்த."

"ஆமா, சொன்னேன்." ஜெயபாண்டி தொண்டையைச் செருமினான். "குளறுபடி நீ எழுதுனதுல இல்ல. நம்ம வீட்டு வழக்கத்துல. நீ போ ஏட்டி. ஆனா அப்பாகிட்ட நீதான் சொல்லணும். எனக்குத் தைரியம் இல்ல."

*

மணி நாலரை. கைபேசியை எடுத்தாள். சிவபாண்டி சொன்ன கேள்வி வரவே இல்லை.

அவனையே கூப்பிட்டாள். "ஏங்க, ஒண்ணும் வரலியே."

"என்ன பானு சொல்ற? ஒரு மணிக்கே அனுப்பிட்டோம்னு ஆபீஸ்ல சொன்னாங்களே. பதில் வரலைன்னு இப்பத்தான் என்கிட்டக் கேட்டாங்க."

"எந்த நம்பருக்குங்க?"

அவன் எண்ணைப் படிக்க ஆரம்பித்தான். நாலாவது இலக்கத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மிச்ச ஆறையும் அவளே சொன்னாள். சிறு வயதிலிருந்து எல்லாப் படிவத்திலும் எழுதிய எண்.

அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, போன்ல எதையும் அமுத்தாதீங்க, நான்…"

"கோர்ட்டுக்கு எதுத்தாப்ல காப்பிக் கடையில இருக்கேன். நேர்ல வா." வைத்துவிட்டார். போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால் அவருக்கு அது விசாரணைபோல் ஆகிவிடும்.

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கும்போது மணி நாலு நாற்பத்தெட்டு. ஏட்டு ஓர மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரெக்சின் பை.

"கேஸைத் தள்ளி வச்சிட்டாக" என்றார். "நாள் பூரா வராந்தாவுல உக்காந்திருந்தேன். ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. இந்தப் போனுதான் கேட்டுச்சு. பதினஞ்சு கேள்வி. முகப்பை மாத்துனியா, பட்டனை மாத்துனியா, விலையை மாத்துனியான்னு. நான் எதுக்கு மாத்தப்போறேன்? உண்மையைச் சொல்லிட்டேன்."

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"பதினஞ்சுக்கும் சொல்லிட்டீங்களாப்பா?"

"பதினாலுக்கு."

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த பானுப்பிரியா ஜபல்பூர் குடியிருப்பில் குடியேறுவதை உறுதி செய்கிறீர்களா? ஆம். இல்லை."

கண்ணாடிக்கு மேலே மகளைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் பானுவுக்குத் தாங்கவில்லை.

"ஒரு மணியில இருந்து இதையே பாத்துக்கிட்டிருக்கேன். மத்ததெல்லாம் நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும், அமுத்திட்டேன். இதுல ஆமான்னு சொல்ல, எனக்கு யாரும் சொல்லலை. இல்லைன்னு சொல்ல, இல்லைங்கிறதும் எனக்குத் தெரியாது. ஏட்டி, நீதான இந்தக் கட்டமெல்லாம் வரையிறவ? எனக்குத் தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கட்டம் ஏன் வைக்க மாட்டேங்கீங்க?"

பானு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையிலயே சொல்ல வந்தேன்ப்பா. பஸ்ஸுல."

"பொறவு சொல்லுதேன்னியே. அந்தப் பொறவு எப்ப வருதுன்னுதான் உக்காந்திருக்கேன். உங்கம்மைக்குத் தெரியுமா?"

பானு தலையைக் குனிந்தாள்.

"அண்ணனுக்கு?"

குனிந்த தலை நிமிரவில்லை.

"ம்." ஏட்டு மெல்லச் சிரித்ததுபோல் இருந்தது. "எல்லாத்துலயும் என் பேரைப் போட்டீக. என்கிட்ட மட்டும் யாரும் சொல்லல."

"அப்பா, அஞ்சு மணிக்குள்ள அமுத்தணும்ப்பா. இல்லைன்னா வீடு போயிரும். முதல்ல ஆமான்னு அமுத்துங்க, அப்புறம் எல்லாம் சொல்லுதேன்."

"அது எங்க சட்டத்துல இல்லியே தாயி. தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாட்சி." கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ மொதல்ல இருந்து சொல்லு. எப்ப முடிவு பண்ணீங்க, அங்க யாரு இருக்கா, வேலை என்ன ஆகும், அம்புட்டையும் சொல்லு. காப்பி குடிச்சுக்கிட்டே கேக்கேன்."

கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு.

"செத்த பொறுங்க ஏட்டையா" என்றார் கடைக்காரர், ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு. "டிகாஷன் இறங்கப் பத்து நிமிசம் ஆகும்."